அப்பா பெயர் எழுதிய பாட்டில்

ஜூன் 9, திங்கள்

இதனால் தாராவி வாழ் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: நேற்று நைட் ஷிப்டுக்கு அப்பாவுடன் பாட்டில் மூடி செய்கிற செம்பூர் கம்பெனிக்குப் புறப்பட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், இன்று காலை எட்டே காலுக்கு, ஒரு சொட்டும் குறையாமல், பூரண நலத்துடன் வீடு திரும்பியது.

ஒரு சொட்டும் குறையாமல் என்பது அளப்பு இல்லை. நேற்றே மார்க்கரால் கோடு போட்டு வைத்திருந்தேன். துப்பறியும் நெல்லையப்பன், பதினோராம் வகுப்பு, காமர்ஸ்.

இந்த நோட்டைத் தமிழில் எழுதுவது தமிழ்ப்பற்றால் அல்ல. அக்கா இசக்கிசெல்வி இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்து அவளுக்கு வெறும் ஜிலேபி.

ஜூன் 12, வியாழன்

காலையில் வந்து படுத்த அப்பாவின் கணுக்காலில் சாக்ஸ் பதிந்த பள்ளம் சாயங்காலம் வரை அப்படியே இருந்தது. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, எழும்பவில்லை. "மழைக்கால ரோடு மாதிரி இருக்கு" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவள் சிரிக்காதது வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை அவளும் வந்து அழுத்திப் பார்த்தாள்.

அப்பா எழுந்ததும் கேட்டேன், "ஏன்ப்பா தண்ணியே குடிக்க மாட்டேங்கிய?"

"குடிச்சா போவணும்லா? மிஷின விட்டுட்டு எங்கல போவ? ரெண்டு நிமிசம் ஆளு இல்லன்னா மூடியெல்லாம் அச்சுல சிக்கிரும். ரிலீவர் வந்து நின்னாத்தான் நான் நவுர முடியும்."

"அவரு எப்ப வருவாரு?"

"வந்தா வருவான்."

தண்ணீருக்குப் பதில் டீ, ஒரு ஷிப்டுக்கு நாலு. தலைவலிக்கு மாத்திரை ஒன்று, சில நாள் இரண்டு. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட். மணி என்ன என்று அப்பாவின் உடம்பைக் கேட்டால் அது பேந்தப் பேந்த முழிக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

கம்பெனியில் வருடாந்திர மெடிக்கல். ஆளுக்கொரு சின்ன பாட்டில், மேலே பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலை எழுந்ததும் போகிற முதல் மூத்திரத்தை வீட்டிலிருந்தே பிடித்துக் கொண்டுவர வேண்டும்.

போன வருடம் அப்பாவோடு வேலை பார்த்த மாரிக்கண்ணன் மாமாவின் பாட்டிலில் புரதம் இருந்தது. அவரை நைட்டிலிருந்து எடுத்தார்கள். கான்ட்ராக்ட் முடிந்ததும் ஆளையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மூடி அடிக்கிற லைனில் ஒரு வழக்கம்: வயசுப் பையன் இருக்கிற வீட்டில் பாட்டிலைப் பையன் நிரப்புவான்.

அப்பா பாட்டிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். கேட்கவில்லை. நானே பிடுங்கிக்கொண்டேன்.

"கொள்ளி வைக்க மட்டுந்தான் மவன்னு நெனச்சியளா? இதுக்கும் நாந்தான்."

"சவத்து மூதி" என்றார். ஆனால் சிரித்துவிட்டார்.

என் பதினாறு வருட சேட்டை வரலாற்றில் இதுதான் உச்சம். ஒரு கம்பெனியையே ஏமாற்றப் போகிறேன். அதுவும் பல்கூட விளக்காமல்.

ஜூன் 21, சனி

ரிப்போர்ட் வந்தது. பிரஷர் 160. போன வாரம் நைட் பார்த்ததால் இருக்கும், பிறகு பார்க்கலாம் என்று குறிப்பு. யூரின் நார்மல். ஃபிட்! பத்தாவதில்கூட என்னிடமிருந்து இப்படி ஒரு ரிசல்ட் வந்ததில்லை. அம்மா பெருமை தாங்காமல் அதை லேமினேட் செய்துவிட்டாள்.

ஜூலை 3, வியாழன்

ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது அப்பா இரண்டு தடவை நின்றார். போஸ்டர் பார்ப்பது போல் நடித்தார். அது சேலை விளம்பரம்.

ஜூலை 5, சனி

தூக்கம் வரும்போது விழித்து, விழிக்க வேண்டிய நேரத்தில் தூங்கி, வாரம் ஒரு ஷிப்டு என்று உழைக்கிறவர்களுக்கு என்ன ஆகும் என்று போனில் தேடினேன். பிரஷர் ஏறலாம். கிட்னி சத்தமே போடாமல் கெடலாம். அது கெட்டால் இதயத்துக்கும் சுமை. பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதும்.

தண்ணி, தலைவலி மாத்திரை, வீக்கம் — ஏன் எல்லாமே அப்பாவப் பார்த்து எழுதின மாதிரி இருக்கு? மூத்திரம் நுரை நுரையாப் போனா புரதம் போகுதாம். இத அவர்கிட்ட எப்படிக் கேக்க? பொதுக் கக்கூஸ் வரிசையில நின்னுக்கிட்டு "ஏப்பா, நுரை வருதா"ன்னா?

ஜூலை 6, ஞாயிறு

கேட்டேன். வருதாம். ஆறு மாசமா.

ஜூலை 14, திங்கள்

ஒரு வாரமாக எல்லோரும் கெஞ்சியும் அப்பா லீவு போடவில்லை. இன்று காலை அவர் முகமே வேறு ஆள் முகம். கண் இரண்டும் வீக்கத்துக்குள் போயிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. டாக்ஸி பிடித்து நாலு பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பிரஷர் 190. பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா பையிலிருந்து லேமினேட்டை எடுத்து நீட்டினாள்.

டாக்டரம்மா முகம் மாறியது. நாலு வாரத்துக்கு முன்னால் யூரின் சுத்தம், அப்படியானால் இது நாள்பட்ட நோய் இல்லை, புதிதாக வந்தது. காய்ச்சல் வந்ததா, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டபடி எழுத ஆரம்பித்தார். பேனா தப்பான ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. ரோடு போட்டவன் நான்.

அப்பா என்னைப் பார்த்தார். சொன்னால் கம்பெனிக்குத் தெரியும், வேலை போகும். சொல்லாவிட்டால்?

நான் எழுந்து நின்றேன். "டாக்டர், வோ பேஷாப் மேரா ஹை" என்றேன், கணீரென்று. அந்த மூத்திரம் என்னுடையது! இதற்கு மேல் ஒரு மகன் தன் தகப்பனுக்காக என்ன முழங்க முடியும்? வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா லேமினேட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, புது பாட்டில் ஒன்றை எடுத்தார்.

அப்பாவைக் காப்பாற்றியவன்: நெல்லையப்பன். சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

ஜூலை 18, வெள்ளி

கிட்னி பாதிக்கும் கீழேதான் வேலை செய்கிறது. இன்று நேற்று வந்ததில்லை, வருடக்கணக்கில். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. இனி நைட் கூடாது. அந்தத் தலைவலி மாத்திரையைத் தொடக் கூடாது. தண்ணீர், அவர் எழுதித் தருகிற அளவு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஜூன் 17 அன்னைக்கு அப்பா தன்னோடதயே குடுத்திருந்தா? நாலு வாரம். நாலு வாரத்துல எவ்வளவு போயிருக்கும்? டாக்டரம்மாகிட்ட கேட்டா சொல்லுவாங்க. கேக்க மாட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

இரண்டு நாளாக யாரிடமும் சேட்டை பண்ணவில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

அப்பா வீட்டுக்கு வந்தாயிற்று. பக்கத்து மிஷின் இனாயத்துல்லா மாமா பார்க்க வந்தார். வந்தவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் சொன்னார்.

"வே சுடல, நம்ம லைன்ல அஞ்சு பாட்டில்ல நாலு பயலுவளோடதுவே. எம்மவன் உஸாமாவுக்கு கிட்னி நார்மலாம். எனக்கு எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாது."

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவும் பாய்."

"சோலி?"

"சோலிக்கு வேற ஆளு கெடைப்பான். ஒம்ம பொண்டாட்டிக்கு?"

மாமா, அம்மா கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாமாவுக்குப் பிரஷர் மட்டும்தானாம். மட்டும்தானாம்!

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மீண்டும் ஓர் அறிவிப்பு. காலை ஷிப்டுக்குச் சென்ற பாட்டில், மாலை நாலரைக்கு, காலியாக வீடு திரும்பியது.

அப்பா இப்போது பேக்கிங்கில். மாமாவும் லைனில் மற்ற மூன்று பேரும் சேர்ந்து போய் சூப்பர்வைசரிடம் பேசியதில் கிடைத்தது. நைட் அலவன்ஸ் இல்லை. அடுத்த கான்ட்ராக்ட் வருமா என்பதும் தெரியாது.

பாட்டிலை வரும் வழியில் கொட்டிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். கேட்டேவிட்டேன். அப்பா அதை என் கையில் திணித்துவிட்டு, விறுவிறுவென்று போய் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றார். முன்னால் ஏழு பேர். கால் மாற்றி, கால் மாற்றி நின்றார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்து ஜூலை 14 பக்கத்தைப் படித்தேன். அதில் ஒரு திருத்தம் உண்டு.

எழுந்தது நிஜம். "ஒண்ணுக்கு வருது" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். வராந்தாவில் கூலருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சொன்னது அப்பா. "அது எம்மவனோடது" என்று இந்தியில், தலையைக் குனிந்துகொண்டு. கணீரென்றெல்லாம் இல்லையாம், டாக்டரம்மா இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருந்ததாம். அக்காதான் சொன்னாள். வார்டு திரும்பிப் பார்க்கவும் இல்லை.

எனக்கு ஒண்ணுக்கும் வரவில்லை.