உங்கள் கப்பலுக்குக் கயிறு வாங்கப் போனேன்

ஏங்க,

போன வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கயிற்றுக் கடைக்குள் நுழைந்தேன். புதுக் கயிற்று வாசனை முகத்தில் அடித்தது. தேங்காய் நாரும் சணலும் நைலானும் கலந்து, நனைந்த கோணிச் சாக்கையும் புதுச் செருப்பையும் ஒன்றாக வைத்த மாதிரி ஒரு வாசனை. கடைக்காரர், "எதுக்குக்கா கயிறு? மாட்டுக்கா, கெணத்துக்கா?" என்று கேட்டார். கப்பலுக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, துணைக்கு யாராவது வந்திருக்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே பார்வையை நீங்கள் எத்தனை கடையில் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள்.

உங்கள் பெயரை எழுத மாட்டேன். இருந்தபோதே சொன்னதில்லை, இப்போது மட்டும் என்ன வந்தது. ஆனால் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் மகன் படகை விற்க ஆள் பிடித்துவிட்டான். ராமேசுவரம் பக்கம் விடுதி நடத்துகிறவராம். ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்கு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. நீங்கள் போனதிலிருந்து யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காததால் கட்டிய கயிறெல்லாம் நைந்துபோய்க் கிடக்கிறது என்று, படகு கட்டுகிற ஜெட்டியின் காவல்காரர் அந்தோணி போனில் சொன்னார். விற்கப்போகிற படகுக்குப் புதுக் கயிறு எதற்கு என்று மகன் குதித்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கிழிந்த பாவாடையோடா நிறுத்துவது? அதனால்தான் நானே கிளம்பினேன்.

அந்தப் படகு நம் வீட்டுக்குள் வந்த கதையை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து, தூத்துக்குடி வழியாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்த மனிதர், சரக்கு அனுப்பப் போன இடத்தில் ஒரு பாய்ப்படகைப் பார்த்தீர்கள். ஊரை விட்டுப் போகிற ஒரு வியாபாரியுடையது. ஆட்டோ மூன்றை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம். வாங்கிவிட்டு, மூன்றாம் நாள் சாம்பார் ஊற்றும்போது என்னிடம் சொன்னீர்கள். கடலே இல்லாத ஊரில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்து வீட்டு ராஜு மறுநாளே தெலுங்கு மரியாதையோடு உங்களை "கேப்டன் காரு" என்று கூப்பிட ஆரம்பித்தார். என் அண்ணன் சொன்னதுதான் இன்னும் மோசம்: "இந்த ஊர்ல எல்லாரும் நாய் வளப்பாக. ஒம் மாப்பிள்ளை கப்பல் வளக்காரு."

முதல் சண்டையே கயிற்றில்தான் வந்தது. தூத்துக்குடிக் கடையில் எல்லாரும் நைலானைத்தான் காட்டினார்கள். இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும், அலைக்கு அதுதான் சரி என்றார்கள். நீங்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏதோ பல்லியைத் தொட்டதுபோல் கையை உதறினீர்கள். பருத்தியில் சோறு தின்கிறவன் பிளாஸ்டிக்கில் கப்பல் கட்டுவதா என்று ஒரு பிரசங்கம். நீள்கிற கயிறு என்ன கயிறு, நாளைக்குச் சொன்ன பேச்சுக் கேட்குமா என்று வேறு கேட்டீர்கள். கடைசியில் நம் தறியின் நூலையே முறுக்கி, மில் ஆட்களை விட்டு வெள்ளை வெளேர் என்று கயிறு திரித்தீர்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. நான் பார்த்து வளர்ந்தது ஆண்டாள் கோயில் தேர் வடம். தொடை தண்டிக்கு இருந்தால்தான் என் கண்ணுக்கு அது கயிறு. இந்தச் சுண்டு விரல் நூலை நம்பி நான் படகில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் வீம்புக்குக் கைத் தடிமனுக்குத் திரிக்கச் சொன்னீர்கள். படகில் கயிறு சுற்றுகிற இரும்புக் கொம்பில் அது ஒரு சுற்றுக்கு மேல் ஏறவில்லை. மறுபடியும் பிரித்து, மறுபடியும் திரித்து, என் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உங்கள் ராஜபாளையத்துக்கும் நடுவில் ஒரு தடிமனில் சமாதானம் ஆனது.

கட்டிய அழகை நான் மறக்கவே மாட்டேன். சாயங்காலம் ஜெட்டியை ஒட்டி, நான்கு இடத்தில் வண்டிமாட்டைக் கட்டுகிற மாதிரி இழுத்து இறுக்கினீர்கள். நானும் ஒரு கை பிடித்தேன். ஜெட்டியில் உரசுகிற இடத்தில் நம் பேண்டேஜ் துணியையே சுற்றினீர்கள். கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது படகு. அந்தோணி பார்த்துவிட்டு, கொஞ்சம் தளர விடுங்க சார் என்றார். "எங்க ஊர்ல ஒருத்தனும் தளரக் கட்ட மாட்டான்" என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

விடிந்து போனால் கடல் இறங்கியிருந்தது. படகு இறங்கவில்லை. ஜெட்டிப் பக்கம் உறியில் மாட்டிய தயிர்ச் சட்டியாகத் தூக்கிக்கொண்டு, மறுபக்கம் தண்ணீரில் சாய்ந்து கிடந்தது. உள்ளே நீங்கள் வைத்திருந்த நாற்காலியும் பிளாஸ்கும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அவிழ்க்கலாம் என்றால் பனியிலும் அலையிலும் நனைந்த பருத்தி சுருங்கி, முடிச்சு கல்லாகிவிட்டது. அந்தோணி அரிவாளைக் கொண்டுவந்து நாலு போடு போட்டார். படகு தொப்பென்று விழுந்து நம் இருவரையும் குளிப்பாட்டியது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"ஏட்டி, நம்ம கம்மாயில தண்ணி எறங்க ஒரு கோடை ஆகும். இங்க ஒரு ராத்திரியில எறங்கும்னு எவன் கண்டான்?"

நியாயம்தான். கண்மாயில் வருடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வருவதே பெரிது என்று இருக்கிற நமக்கு, ஒரே நாளில் ஏறி இறங்குகிற தண்ணீரை எப்படித் தெரியும்? அன்றைக்கே நைலான் வாங்கி, தொய்வு விட்டுக் கட்டினீர்கள். கையை உதறவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஊருக்குத் தெரியாது. மாதம் ஒரு தடவை புளியோதரையும் பிளாஸ்க்கில் காப்பியுமாகக் கிளம்புவோம். படகில் ஏறி உட்காருவோம். நீங்கள் கயிற்றைப் பார்ப்பீர்கள். இந்தப் பக்கம் நைந்திருக்கிறது என்பீர்கள், இது கொஞ்சம் சன்னம் என்பீர்கள், அடுத்த தடவை மாற்றிவிட்டுக் கடலுக்குப் போவோம் என்பீர்கள். பேசிக்கொண்டே தூங்கிவிடுவீர்கள். நான் எழுப்பினால், "கட்டத் தெரியாதவன் அவுக்கக் கூடாதுட்டி" என்று ஒரு பழமொழி, அதுவும் நீங்களே செய்தது. உங்களுக்கு நீச்சல் தெரியாது என்பதும், கிணற்றை எட்டிப் பார்க்கச் சொன்னாலே நாலடி பின்னால் போவீர்கள் என்பதும் எனக்குத் தெரியாதா? தெரியும். அசையாத படகில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்கும் பிடித்திருந்தது. அதனால் கேட்கவில்லை. வீட்டில் ஆயிரம் வேலை. அங்கே நாம் இரண்டு பேர்தான்.

இப்படியே இருக்க, ஒரு மதியம் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தவர், யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நானும் அந்தோணியும் புதுக் கயிற்றைக் கட்டி முடித்தோம். நைலான்தான், தொய்வும் விட்டேன். உரசுகிற இடத்தில் பேண்டேஜ் துணியும் சுற்றினேன். விடுதிக்காரர் படகோட்டி ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நன்றாக ஓடுமா என்று மகனிடம் கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். நீங்கள் இல்லாத தைரியத்தில், பிரமாதமாக ஓடும் என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்போம், உங்கள் பக்கத்து ஆள் ஒருவர் வாருங்கள் என்றார். மகனுக்குப் பேருந்தில் போனாலே குமட்டும். நான் புடவையைச் செருகிக்கொண்டு ஏறினேன்.

அவிழ்த்தார்கள். நான் விளிம்புக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்புறம் பாயை ஏற்றினார் படகோட்டி. ஏங்க, அது ஓடியது. கட்டிப்போட்டே வளர்த்த நாயை அவிழ்த்துவிட்ட மாதிரி முதலில் ஒரு சுற்றுச் சுற்றித் தடுமாறிவிட்டு, பிறகு நேராகப் பிடித்தது ஓட்டம். நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை, முகமெல்லாம் உப்பு.

திரும்பி வந்ததும் விடுதிக்காரர், எடுத்துக்கொள்கிறேன் என்றார். "விக்கலைய்யா, மன்னிச்சுக்கோங்க" என்றேன். மகன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், அப்பாவுக்குத்தான் கிறுக்கு என்று நினைத்தேன் என்றான். அவன் அலைந்த அலைச்சல் எனக்கும் தெரியும், பாவம்தான்.

"அவிய ஒருநாளும் கடலுக்குப் போகலய்யா" என்றேன். "அவிய பங்குக்கும் சேத்து நான் போய்ட்டு வாரேன். பொறவு வித்துக்கலாம்."

அவன் விடுதிக்காரரை வண்டி வரை கூட்டிப் போய் அனுப்பிவிட்டு வந்தான். திரும்புகிற வழியில் நான் கேட்காமலே காப்பி வாங்கிக் கொடுத்தான்.

யாரும் திரும்பி வராத ஊருக்கு நீங்கள் என்னிடம் சொல்லாமல் முந்திப் போனீர்கள். கடலுக்கு நான் முந்திவிட்டேன். சரிக்குச் சரி என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கரை சிறுத்து, ஜெட்டியில் நின்ற மகன் புள்ளியாகிப்போன நேரத்தில், நான் பக்கத்தில் திரும்பி, "ஏங்க, இங்க பாருங்களேன்" என்றேன். இந்தக் கூப்பிடுகிற பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பாயைப் பிடித்துக்கொண்டிருந்த படகோட்டி, "கூப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.