டிஷ்யூ பொட்டலத்தில் கை வைக்காதே

புக்கிட் பாஞ்சாங், சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அருமை மகள் இளமதிக்கு,

உன் அம்மா கோபத்தோடு எழுதுகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. முழங்கால் வலி வழக்கம்போல. சென்னையில் உனக்கு இருமல் குறைந்ததா? வெந்நீர் குடி.

நீ அனுப்பிய திரைக்கதையைப் படித்து முடித்தேன். அதோடு வந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அப்பா போன பிறகு அவர் நாவலுக்கு உரிமைக்காரி நான்தான். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று உன் இயக்குநர் ஆதவன் போனில் அவசரப்படுத்தினார். எனக்கென்ன அவசரம்?

பன்னிரண்டாம் காட்சியை எடுத்துக்கொள். அப்பாவின் நாவலில் செவ்வாய்க் கிரகத்துப் படை தேக்கா உணவங்காடிக்குள் இறங்குகிறது. மேசைகள் காலி. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் ஒரு டிஷ்யூ பொட்டலம். அது இடம் பிடித்து வைத்த அடையாளம் என்று அங்கே தட்டு எடுக்கும் பெண்மணி சொன்னதும், பூமியைப் பிடிக்க வந்த இரண்டாயிரம் வீரர்களும் மூன்று அத்தியாயம் நின்றுகொண்டே இருக்கிறார்கள். படித்தவர்கள் எல்லாரும் சிரித்த இடம். நீ என்ன செய்திருக்கிறாய்? கதாநாயகி அந்தப் பொட்டலத்தைப் பிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்காருகிறாள்! ஆதவன் வெளியூர்க்காரர், அவருக்குத் தெரியாது. நீ இந்த ஊரில் பிறந்தவள். அடுத்தவர் பொட்டலத்தை என்றைக்காவது தொட்டிருக்கிறாயா? கேட்டால், இங்கே பார்ப்பவர்களுக்குப் புரியாதும்மா என்கிறாய். செவ்வாய்க்காரனுக்கே ஒரு பக்கத்தில் புரிந்துவிட்டது, சென்னைக்காரர்களுக்குப் புரியாதா? கீழ் வீட்டு ஹம்னாவிடம் சொன்னேன். அதைத் தொட்டுட்டா அப்புறம் கதையே இல்லியே லா, அக்கா என்று அவளுக்கும் வந்ததே கோபம்!

துப்பாக்கிச் சண்டை வேறு. மின்தூக்கி பழுதுபார்க்கும் கதாநாயகன் கபிலனுக்கு எதற்கடி துப்பாக்கி? அப்பா முப்பது வருடம் அந்த வேலைதான் பார்த்தார். ஸ்பேனரைத் தவிர வேறெதையும் தூக்கியதில்லை. சரி, சண்டையைப் பொறுத்துக்கொள்வேன். பாட்டையும் பொறுத்துக்கொள்வேன்.

கடைசிக் காட்சியைப் பொறுக்க மாட்டேன். நாவலில் கபிலன் செவ்வாய்க்காரர்களின் மின்தூக்கியைச் சரிசெய்ய அவர்களோடு கிளம்பிப் போகிறான். திரும்புவதில்லை. வேலை முடியவில்லை, எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிடு என்று மனைவிக்கு ஒரு செய்தி மட்டும் வருகிறது. அதை எழுதிவிட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நீ அவனைத் திரும்பக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தி, மனைவியைக் கதவு திறக்க வைத்திருக்கிறாய். யாரைக் கேட்டு? அதைப் படித்ததிலிருந்து, மின்தூக்கி நம் மாடியில் நிற்கும் சத்தம் கேட்டாலே வாசலைப் பார்க்கிறேன். நேற்று அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். பக்கத்து வீட்டுக்குப் பார்சல் கொண்டு வந்தவர். பதினான்கு மாதம் பாடுபட்டு நான் பழகிக்கொண்டதை ஒரே பக்கத்தில் கலைத்துவிட்டாயே.

உனக்கு ஏன் அப்படி எழுதத் தோன்றியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நீ விமானம் ஏறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு என்னிடம் வந்து அழு, நானும் அழுகிறேன். படத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்தாதே.

ஒப்பந்தத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். மாற்றி எழுதிக்கொண்டு நீயே நேரில் வா, மறுநிமிடம் கையெழுத்துப் போடுகிறேன். அவர் செவ்வாயிலேயே இருக்கட்டும், இளமதி. சிரித்துக்கொண்டு வேலையைப் பார்க்கட்டும்.

நீ நன்றாக இரு.

உன் அம்மா,
பஞ்சவர்ணம்