ஐஸ் கம்பெனிக்குப் பாதிக் கட்டணம்

1946 மார்ச் 11, திங்கள்

மத்தியானம் பள்ளி விட்டு வரும்போது கடற்கரையில் சவேரியம்மாளைப் பார்த்தேன். கூடை நிறையச் சீலா மீன். கருவாட்டு மண்டி சொரிமுத்து அண்ணாச்சியின் ஆள் அடிமாட்டு விலைக்குக் கேட்டான். கொடுத்துவிட்டாள். “என்ன செய்ய டீச்சரம்மா, இன்னும் ஒரு மணி நேரம் வெயில்ல கெடந்தா நாறிரும்லா” என்றாள்.

காயல்பட்டினம் மஹ்மூது இங்கே ஐஸ் கம்பெனி வைக்கத் தயார். தண்ணீர்க் கட்டணந்தான் இடிக்கிறது. குறைக்காவிட்டால் நாகப்பட்டினத்துக்குப் போய்விடுவார். அதனால் முனிசிபல் கவுன்சிலில் தீர்மானம் கொடுத்துவிட்டேன்: புதுத் தொழில் எதுவானாலும் மூன்று வருஷம் பாதிக் கட்டணம். கவுன்சிலில் நான் ஒருத்திதான் பெண். பார்ப்போம்.

மார்ச் 14

சொரிமுத்து அண்ணாச்சியும் கவுன்சிலர். “குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல ஐஸ் ஒரு கேடா?” என்று தெருத் தெருவாகச் சொல்லுகிறாராம். இந்தக் கரிசனம் எப்போது வந்தது? ஐஸ் வந்துவிட்டால் மத்தியானத்து மீன் சல்லிசாக அவர் மண்டிக்கு வராது. அதைச் சொல்ல வாய் வருமா?

சேர்மன் ஒரு நிபந்தனை போட்டார். மஹ்மூது நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். வராவிட்டால் தீர்மானம் தள்ளுபடி. கூட்டம் எந்த நாள் என்று என்னையே கேட்டார். 22ஆம் தேதி வெள்ளி, பன்னிரண்டரை மணி என்றேன். அன்று மத்தியானம் பள்ளியில் தையல் வகுப்பு, எனக்கு ஓய்வு.

மார்ச் 21

அட மடச்சி! மடச்சி! வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை — ஜும்ஆத் தொழுகை நேரம்! ஞாயிற்றுக்கிழமை எவனாவது கூட்டம் போட்டால் கோயிலுக்கு ஆராதனைக்குப் போகணும் என்று சண்டைக்கு நிற்பேன். அடுத்தவருக்கு வெள்ளி உண்டு என்பது இந்த மண்டையில் ஏறவில்லையே! தேதியை மாற்ற முடியாதாம், நோட்டீஸ் போயாச்சாம்.

மஹ்மூது கோபப்படவில்லை. “ஜும்ஆவை விட்டுட்டு வர மாட்டேன் டீச்சர். தொழுதுட்டு ஓடி வாரேன். அதுவரைக்கும் நீங்க பிடிச்சு நிறுத்துங்க” என்றார்.

எப்படி நிறுத்துவது?

மார்ச் 22

ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு!

தீர்மானத்தின் மேல் பேச எழுந்தேன். உட்காரவே இல்லை. ஊரில் உள்ள தெருக் குழாய்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன் — எது ஒழுகுது, எதில் காற்று வருது, எதற்குத் திருகு இல்லை. சொரிமுத்து அண்ணாச்சி துள்ளினார். “பாடம் எடுக்காக பாருங்க சேர்மன்! ஆளு வரலைல்லா, தள்ளுபடி பண்ணுங்க.” சேர்மன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கவுன்சிலர் தேவகனி இன்னும் முடிக்கலையே” என்றார். மகராசன்!

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். நாக்கு வறண்டு போச்சு. ஒன்றே முக்காலுக்கு மஹ்மூது வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

“தெருக் குழாய் மூடியிருக்கிற நேரத்துலதான் என் தொட்டியில தண்ணி பிடிப்பேன். மூணு வருஷத்துக்குள்ள ஊரை விட்டுப் போனா, குறைச்ச கட்டணம் பூராவும் திருப்பிக் கட்டுதேன். எழுதிக்கோங்க.”

சேர்மன் ஓட்டுக்கு விட்டார். ஆதரவு பதினாலு, எதிர்ப்பு ஒன்பது. வெளியே வந்து ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்தேன். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மார்ச் 25

தொண்டை கட்டிவிட்டது. வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஆகஸ்ட் 19

மெஷின் இன்னும் கப்பலிலேயே வருது. “ஐஸ் எங்கன டீச்சரம்மா?” என்று சொரிமுத்து அண்ணாச்சி கேட்கிறார். பொறும் அண்ணாச்சி, பொறும்.

1947 பிப்ரவரி 10, திங்கள்

ஐஸ் கம்பெனி ஓட ஆரம்பித்துப் பத்து நாள். மத்தியானம் கடற்கரைப் பக்கம் போனேன். நல்ல உச்சி வெயில். மண்டி ஆள் வழக்கம்போல வந்து, வழக்கமான விலையைக் கேட்டான். சவேரியம்மாள் மீன் பெட்டியில் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டே, “நான் சொன்ன வெலைக்கு வேணும்னா எடும். இல்லைன்னா நாளைக்கு வாரும்” என்றாள்.

அவன் கொஞ்சம் ஏற்றிக் கேட்டான். அவள் பெட்டியை மூடிவிட்டு, சோறு தின்ன வீட்டுக்குப் போய்விட்டாள்.