ஒரு கம்ப்யூட்டர், இரண்டு காவல்

இன்று காலை ஒரு கம்ப்யூட்டரின் பக்கத்து மூடியைக் கழற்றினேன். சுக்குத்தூள் மூக்கில் ஏறியது. பஜார் ரோட்டு மசாலாக் கிடங்குகளிலிருந்து வருகிற எல்லாப் பெட்டிக்கும் இந்த வாடை உண்டு. நீ இருந்தால் முதலில் தும்முவாய், பிறகு "இதுல ரசமே வெக்கலாம்டா" என்பாய். உன் தும்மல் வரவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிட்டேன். நீ போன பிறகு நம் கடையில் நான் அதிகம் செய்கிற வேலை இதுதான்.

கொண்டு வந்தவர் சுக்கு வியாபாரி. கூடவே மருமகன். "ஆன் பண்ணினா அந்த வட்டம் கறங்கிட்டே இருக்கு சேட்டா, ஒண்ணும் திறக்கல" என்றார் வியாபாரி. "புது ஆன்டிவைரஸ் நான்தான் போட்டேன், அதுல ஒரு குழப்பமும் இல்ல" என்று மருமகன் முந்திக்கொண்டார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. நீ சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற மாதிரியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது, நீ மட்டும் இல்லை.

உறவுக்காரரோடு யார் வந்தாலும் முதலில் அந்த உறவுக்காரரை வெளியே அனுப்புவாயே. "முக்குல நல்ல சாயா கிடைக்கும், குடிச்சிட்டு வாங்க" என்பாய். அவர் தலை மறைந்ததும் குரலைத் தாழ்த்துவாய். "வைரஸுக்கு வேற என்ன போட்டிருக்கீங்க? ஒளிக்காம சொல்லணும்." அப்போதுதான் உண்மை வரும். லீவில் வந்த மச்சான் துபாயிலிருந்து கொண்டு வந்து போட்டது ஒன்று, களமசேரியில் படிக்கிற அண்ணன் மகன் போட்டது இன்னொன்று. எதை எடுத்தாலும் ஒருவர் மனம் கோணும் என்று இரண்டையும் வைத்திருப்பார்கள். வைரஸைப் பிடிக்க வந்த இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொள்ளும். ஒன்று பூட்டி வைத்ததை மற்றது திறந்து பார்க்கும். நடுவில் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும்.

நீ நெட் ஒயரைப் பிடுங்குவாய், சேஃப் மோடில் திறப்பாய். ஒன்றை மட்டும் முழுநேரக் காவலுக்கு வைத்து, மற்றதைக் கேட்டால் மட்டும் தேடும்படி அடக்கி வைப்பாய். ஆனால் அதன் படத்தைத் திரையிலிருந்து எடுக்க மாட்டாய். "மச்சான் வந்து பாத்தா இருக்கணும்ல. மனுசன் சங்கடப்படக் கூடாது."

இவ்வளவும் தெரிந்தவன் நீ. தெரிந்து என்ன பிரயோஜனம்?

முட்டிவலிக்கு உன் அக்கா பாலக்காட்டில் தன் டாக்டரிடம் காட்டி வாங்கிக் கொடுத்த மாத்திரை ஒன்று. நெஞ்சுவலி வந்தபோது உன் மச்சான், உன் மனைவியின் அண்ணன், எர்ணாகுளத்துக்குக் கூட்டிப் போனதில், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரை இன்னொன்று. அக்காவும் மச்சானும் உன் மகள் கல்யாணத்திலிருந்து பேசிக்கொள்வதில்லை. நீ இரண்டையும் விழுங்கினாய். வயிறு எரிந்தபோது கேஸ் என்றாய். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு மாத்திரை அட்டையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இது ரெண்டையும் ஒண்ணா யாரு கொடுத்தது?" என்று அங்கிருந்த டாக்டர் எங்களைக் கேட்டார். அன்று சாயங்காலமே நீ போய்விட்டாய்.

உனக்காகப் பாத்திஹா ஓதிய அன்றுதான் உன் மனைவி சொன்னாள். எர்ணாகுளத்து டாக்டர் உன்னிடம் கேட்டிருக்கிறார், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று. நீ "இல்ல சாரே" என்றாயாம். "எங்க அண்ணன் பக்கத்துலயே நிக்கிறாங்க. அங்க வெச்சு இவங்க அக்கா பேர எப்படி எடுப்பாங்க?" என்று அழுதாள். அவளை என்ன சொல்வது. உன்னைத்தான் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது, இப்போதும் இருக்கிறது. போனவன் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு வேறு எதுவும் வரவில்லை.

இன்று மருமகனைச் சாயா குடிக்க அனுப்பினேன். உன் கேள்வியைக் கேட்டேன். வியாபாரி தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி மகன் முன்னமே ஒண்ணு போட்டுத் தந்தான். மருமகனுக்கு அறியாது" என்றார். நீ செய்கிறபடியே செய்தேன். கம்ப்யூட்டர் சட்டென்று திறந்தது. அவர் சிரித்தார். எனக்கு ஒரு திருப்தியும் இல்லை. அதை அணைத்து மறுபடி தொடங்கலாம், உன்னை என்ன செய்ய?

உன் நாற்காலியை உன் மகன் எடுத்துப் போய்விட்டான். எனக்கென்று மிஞ்சியது அந்தக் கேள்வி ஒன்றுதான். வருகிற எல்லோரிடமும் கேட்கிறேன், கூட வந்தவரை முதலில் வெளியே அனுப்பிவிட்டு. கேட்கும்போதெல்லாம் அந்த எர்ணாகுளத்து டாக்டர் அறைதான் கண்ணில் வருகிறது. உன் மச்சானை ஒரு சாயா குடிக்க அனுப்ப அங்கே ஒருவர்கூட இல்லாமல் போயிற்றே.