பெரியப்பா வீட்டு ஃபிரிட்ஜ்

அன்புள்ள அம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து பிரின்சி எழுதுவது. மாதா கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

தங்கச்சி டயானாவுக்குப் படிப்பு உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று நீங்கள் போனில் சொன்னதும்தான் எனக்குப் போன உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மேடம் வீட்டுச் சோற்றை அடிபிடிக்க விட்டுவிட்டேன். அவர்கள் திட்டவில்லை, சிரித்தார்கள்.

ஆனாலும் அம்மா, தப்பு உங்கள் மேல்தான். முதல் தடவை நம் வருமானத்தை விசாரிக்க வந்த அதிகாரியை நம் பின்கட்டுக்குக் கூப்பிடக் கூச்சப்பட்டு, முன்கட்டில் பெரியப்பா வீட்டு ஃபேனுக்கடியில் உட்கார வைத்து, அவர்கள் ஃபிரிட்ஜிலிருந்தே கலர் எடுத்துக் கொடுத்தால் மனிதர் என்ன எழுதுவார்? இரண்டு வீட்டுக்கும் ஒரே கதவு எண். அவர்கள் டிராக்டரும் நம் கணக்கில் ஏறி, மனு தள்ளுபடியானது.

இரண்டாம் தடவை, "அவுக அடுப்பு வேற, எங்க அடுப்பு வேறங்க. வந்து பாருங்க" என்று அடுப்படிக்கே கூட்டிப்போனீர்களாமே. அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் நிம்மி அக்கா திரும்பும்போது, நீங்கள் இடித்த மிளகாய்த்தூளும் அந்த அடுப்படியின் போட்டோ ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். அக்கா கிளம்பி நிற்கிறார், முடிக்கிறேன்.

அந்த அடுப்பில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று அந்த அதிகாரி கேட்டதற்கு நீங்கள் மூன்று என்றீர்களாம். வெளிநாட்டில் இருப்பவரைச் சேர்க்க முடியாது என்று அவர் இரண்டாக்கினாராம். அவர் எழுதியது எழுதியபடி இருக்கட்டும். என் தட்டை மட்டும் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

மகள்
பிரின்சி