'நியெமெட்ஸ்' என்ற அட்டை

ஓலொமோட்ஸ், 3 மார்ச் 1947

அன்புள்ள இர்ம்கார்ட்,

நலமா? போர் முடிந்த மறுவருடம் அரசு இங்கிருந்த ஜெர்மன்காரர்களோடு உன்னையும் ஐம்பது கிலோ மூட்டையுடன் ஜெர்மனிக்கு ரயிலேற்றி எட்டு மாதமாகிறது. ஒரு வரிகூட நீ எழுதவில்லை.

நாம் பன்னிரண்டு வருடமாகச் சொல்லுக்கு ஓர் அட்டையாக எழுதிச் சேர்த்த செக் சொற்பிறப்பு அகராதியில் 'ந' வரை வந்துவிட்டேன். 'நியெமெட்ஸ்' அட்டையை மட்டும் காணோம். செக் மொழியில் ஜெர்மன்காரரைக் குறிக்கும் சொல்லையே விட்டுவிட்டு அச்சுக்குக் கொடுப்பதா? நினைவிலிருந்து எழுதி அனுப்பு.

பதிப்பக மேலாளர் உன் பெயரை எடுக்கச் சொல்கிறார். நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
போகுமிலா

ரேகன்ஸ்பர்க், 20 ஏப்ரல்

திருமதி போகுமிலா அவர்களுக்கு,

அட்டை தொலையவில்லை. கிளம்பும் முன் நான்தான் கிழித்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: 'நியெமி' என்றால் ஊமை. தங்கள் மொழி பேசத் தெரியாதவனுக்கு ஸ்லாவியர்கள் வைத்த பெயர். போலந்தில் நியெமியெட்ஸ். ரஷ்யாவில் நேமெட்ஸ்; அங்கே ஒரு காலத்தில் எந்த அயலானுக்கும் அதே பெயர். ஹங்கேரிக்காரர்கள் நேமெத் என்றும் ருமேனியர்கள் நியாம்ட்ஸ் என்றும் வாங்கிக்கொண்டார்கள்.

ரயில் நிலையத்தில் என் கையில் கட்டிய வெள்ளைத் துணியில் அந்தச் சொல்லின் முதலெழுத்து இருந்தது. காவலாளி, "வாய மூடிக்கிட்டு ஏறு" என்றான். நான் செக்கில்தான் பேசிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நீ நின்றாய். என்னைப் பார்த்தாய். வாய் திறக்கவில்லை.

இ. ஹோஃப்ரிக்டர்

ஓலொமோட்ஸ், 2 ஜூன்

இர்ம்கார்ட்,

ஆமாம், நின்றேன். பயம். அதற்கு வேறு பெயர் தேடவில்லை.

நேற்றுக் கூட்டத்தில் மேலாளர் மறுபடி ஆரம்பித்தார்.

"ஜெர்மன்காரி பேரப் போட்டா எவம்மா வாங்குவான்?"

"பாதி அவ எழுதினது. அவ பேரு இல்லாம அச்சேறாது."

"உக்காருங்க."

"இன்னும் சொல்லி முடிக்கல."

வேலை போய்விட்டது. அட்டைகள் நம்முடையவை, பெட்டிகளைக் கைவண்டியில் ஏற்றி வீட்டுக்குத் தள்ளிவந்தேன். இப்போது பதிப்பாளர் இல்லை. ஆனாலும் முடிக்காமல் விடமாட்டேன். உன் பெயர் முதலில் வரும். நீ மன்னிக்காவிட்டாலும் வரும்.

போகுமிலா

ரேகன்ஸ்பர்க், 30 ஜூன்

போகுமிலா,

மன்னிப்பைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

பகலில் உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை. மாலையில் சும்மாதான் இருக்கிறேன். செக் அகரவரிசையில் அடுத்து வரும் 'ஓ' சின்னது, நீயே முடித்துவிடு. 'ப' மிகப் பெரியது, தனியாக உன்னால் ஆகாது. அதில் பாதியை எனக்கு அனுப்பு. மூலத்தை அனுப்பாதே, படியெடுத்து அனுப்பு. தபாலில் தொலைந்தால் மறுபடி சேர்க்க நமக்கு வயதில்லை.

இர்ம்கார்ட்