ஒரு பக்கத்துக்கு ஒரு கரண்டி

கள்ளக்குறிச்சி,
6-2-1988, சனிக்கிழமை

அன்பு மகள் அத்தியாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நீ அங்கே சென்னையில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டு உன் அம்மா நூர் பீவி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத எனக்கு வரவில்லை. எழுதினால் அது பொய்.

இதற்கு முன் போட்ட மூன்று கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்துவிடுகிறாய் போலிருக்கிறது. அதனால் இந்த உறை மேல் விலாசத்தை ஹபீபாவை எழுதச் சொன்னேன். தங்கச்சி கடிதம் என்று பிரித்திருப்பாய். அம்மா ஏமாற்றிவிட்டாள் என்று திட்டிக்கொள், பரவாயில்லை. ஆனால் கீழே போடாமல் கடைசி வரைக்கும் படி.

அத்தாவுக்கு நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே வருகிறது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நீ வந்து பார்த்துவிட்டுப் போனாயே, அப்போது கஞ்சியாவது வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். தை பிறந்ததிலிருந்து வாயை இறுக மூடிக்கொண்டுவிட்டார். கரண்டியைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உள்ளே ஏதாவது போனால்தான் உயிர் தாங்கும், இல்லையென்றால் சொல்வதற்கில்லை என்றார். அன்றைக்கு நான் நம் ஜவுளிக்கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க.

அந்தச் சமயத்தில்தான் ஹபீபா, சும்மா இருக்க முடியாமல், அவர் அலமாரியிலிருந்து அந்த இங்கிலீஷ் நாவலை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். நீயும் அத்தாவும் கடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துப் படித்துச் சிரிப்பீர்களே, அதே புத்தகம்தான். அவர் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாக வாங்கியது, உன் பென்சில் கோடெல்லாம் அப்படியே இருக்கிறது. இவள் நாலு வரி படித்ததும் அவர் முகம் திரும்பியது. நான் பயந்துகொண்டே கரண்டியைக் கொண்டுபோனேன். வாயைத் திறந்தார். அத்தியா, நீ பிறந்த அன்றைக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்படவில்லை.

அன்றிலிருந்து அதுதான் வைத்தியம். ஒரு பக்கம் படித்தால் ஒரு கரண்டி உள்ளே போகும். எனக்குக் கதை தெரியாமல் எத்தனை நாள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது? ஒவ்வொரு பக்கத்துக்கும் இன்னா நடந்துச்சி, சொல்லுடி என்று ஹபீபாவைக் கேட்டுக் கேட்டு, எட்டாங்கிளாஸ் படித்த நானும் அந்த வெள்ளைக்கார அம்மாள் எழுதிய கதைக்குள் போய்விட்டேன். எத்தனை கூர்மையான பொம்பளை! நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால், ஒரு ஊரில் நாலு வீட்டுக்குள் இருந்துகொண்டு, யார் யாரைப் பார்த்து எதற்காகச் சிரித்தார்கள் என்பதை எல்லாம் பிடித்து வைத்திருக்கிறாளே. உள்ளுக்குள் இருக்கிற பேராசையை வாய் நிறைய மரியாதையோடு பேசுகிற ஆட்களை நம் தெருவில் எனக்கு எட்டுப் பேரைத் தெரியும். ஜோடிக் குதிரை வண்டி ஒன்று வாசலில் நின்றால் வீடே ஜன்னலுக்கு ஓடுகிறதும், நடனம் ஆடுகிற இடத்தில் எந்தப் பெண் உட்கார்ந்தே இருந்தாள் என்று மறுநாள் ஊரெல்லாம் பேசுகிறதும் எனக்குப் புதிதாகவே தோன்றவில்லை. ஆனால் அந்தக் குளிரில் மஸ்லினை உடுத்திக்கொண்டு ஈரப் புல்லில் நடந்தால் ஜுரம் வராமல் என்ன செய்யும்? ஜவுளிக்காரன் பெண்டாட்டி நான், எனக்குத் தெரியாதா மஸ்லின் எத்தனை மெல்லிசு என்று? அதை நான் சத்தமாகச் சொன்னபோது உன் அத்தாவுக்கு இடது பக்க உதடு கொஞ்சம் அசைந்தது. சிரித்தார் என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி எழுதப்போவதைப் படித்துக் கோபப்படாதே. கோபப்படவேண்டியது நான்.

நாலாவது நாள் ஹபீபா படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் சட்டென்று நிறுத்தினாள். ரெண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டப் பார்த்தாள். ஏன்டி என்றேன். ஒன்னுமில்லம்மா, போர் அடிக்கிற இடம் என்றாள். அவள் பொய் சொன்னால் காது சிவந்துவிடும், உனக்குத் தெரியும். மிரட்டியதும் அழுதுகொண்டே படித்தாள். கதையில் மிஸஸ் ஹோல்டன் வந்தாள்.

உங்கள் அத்தா என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, ஏதோ துரைசானி பெயர், பெருமையாக வைத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். நீயும் டீ வேண்டுமென்றால் மிஸஸ் ஹோல்டன் என்பாய். நான் பூரித்துப்போவேன். கடையில் பெண்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் பிரித்தபோது, பெயிண்டரிடம் நானே சொல்லி ‘ஹோல்டன் லேடீஸ் பிரிவு’ என்று போர்டு எழுதி மாட்டினேன். நீங்கள் ரெண்டு பேரும் அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். சந்தோஷத்தில் சிரிக்கிறீர்கள் என்று நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மூன்று பெண்ணை வைத்துக்கொண்டு, வருகிற ஆம்பிளை எல்லோரையும் மாப்பிள்ளையாகப் பார்த்து, இரவல் வெள்ளித் தட்டை எடுத்து வைத்து, வாய் ஓயாமல் பேசி, ஊர் சிரிக்க நிற்கிற ஒரு பைத்தியக்காரி. அவள்தான் நான் என்று ஓரத்தில் நீ பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறாய். ‘அப்படியே அம்மா’ என்று. பக்கத்தில் அத்தா பேனாவால் ஒரு டிக் போட்டிருக்கிறார். நான் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். போர்டுக்குக் கீழே நின்று ரெண்டு பேருக்கு ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுத்தேன். அளவு தப்பிப்போயிற்று.

அப்போது கல்வராயன் மலையிலிருந்து வேடியப்பன் வந்திருந்தான், மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க. மனசு தாங்காமல் அவனிடமே அந்த மிஸஸ் ஹோல்டன் கதையைச் சொன்னேன். ஆண் பிள்ளை இல்லாததால் புருஷன் கண்ணை மூடினால் வீடு புருஷனின் தம்பிக்குப் போய்விடும், அவளும் பெண்களும் தெருவில்தான் நிற்கவேண்டும், அந்தக் காலத்துச் சட்டம் அப்படி என்றேன். அவன் சிரிக்கவில்லை. “அந்தம்மா மாப்ள தேடி ஓடாம இன்னா பண்ணுவாங்க? எங்க மலையில பொண்ணுக்குத்தான் மாப்ள வூட்ல பரிசம் குடுப்பாங்க. அங்க வந்திருந்தா மூணு பொண்ண வச்சிக்கினு ராணி மாரி இருந்திருப்பாங்க” என்றான். இத்தனை படித்த உங்கள் ரெண்டு பேருக்கும் இது தோன்றவில்லையே அத்தியா. அந்தப் புருஷன்காரன் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படிக்கிறான். அவனுக்காகவும் சேர்த்துத்தான் அவள் ஜன்னலுக்கு ஓடுகிறாள்.

திரும்பி வீட்டுக்குப் போனேன். ஹபீபா படிக்காமல் உட்கார்ந்திருந்தாள், கஞ்சி ஆறிப்போயிருந்தது. உன் அத்தா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன். சூடு பண்ணிக் கொண்டுவந்து, படிடி என்றேன். அந்த ஒரு வேளைக்கே ஐந்து கரண்டி குடித்தார்.

என் பக்கமும் தப்பு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. திருக்கோவிலூர்க்காரர்கள் உன்னைப் பெண் பார்க்க வந்தபோது, சமைக்கத் தெரியுமா என்றதற்கு எனக்குப் படிக்கத் தெரியும் என்றாய். அவர்கள் வீட்டுப் பெண்கள் முன்னால் உன்னை அறைந்தேன். ரெண்டு வருஷமாக இந்தக் கை எனக்கே பிடிக்கவில்லை. உனக்குக் கல்யாணம் ஆகாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அடித்தது. ஆனால் வலி உன் கன்னத்தில் என்பதால் அதைச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. என்னை மன்னித்துவிடு.

இப்போது விஷயம் இதுதான். புத்தகத்தில் இன்னும் முப்பது பக்கம்கூட இல்லை. அதோடு ஹபீபாவின் குரலுக்கு மூன்று நாளாக அவர் திரும்புவதில்லை. நேற்று முழுக்க ரெண்டே கரண்டி. கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரைக் குளிப்பாட்ட வருகிற ஜெயம்மாள்கூட, “பெரிய பாப்பாவத்தான் தேடுறாருங்க, இஸ்த்துக்கினு வந்துடுங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா இருக்கிற வாசப்படியை மிதிக்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரியில் ஹபீபாவிடம் சொன்னாயாம். சரி. நான் இருக்கமாட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை நான் மணலூர்பேட்டைக்கு உன் மாமா வீட்டுக்குப் போய்விடுகிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் நீ இரு. உங்களைப் பெற்றெடுக்கப் போனதைத் தவிர, அவரை விட்டு ஒரு நாளும் நான் வேறு வீட்டில் படுத்ததில்லை. அதை நினைத்து நீ வருத்தப்படவேண்டாம்.

கஞ்சியை நன்றாக வடிகட்டு. இடது கையால் தலையைத் தூக்கிப் பிடி, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த கரண்டி கொடு. அவசரப்பட்டால் புரை ஏறும். மிஸஸ் ஹோல்டன் வருகிற இடத்தைத் தாண்டிவிடாதே, முன்பெல்லாம் எந்தக் குரலில் படிப்பாயோ அதே குரலில் படி. அந்த இடத்தில்தான் அவர் நிறையக் குடிக்கிறார். புத்தகம் முடிந்தால் மூடி வைக்காதே, முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் ஆரம்பி. ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் எனக்கு ஆள் அனுப்புங்கள். மய்யித்தை எடுப்பதற்குள் வந்துசேர மணலூர்பேட்டை ஒன்றும் தூரமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உளுந்தூர்பேட்டை வழியாக வருகிற மெட்ராஸ் பஸ் நாலு மணிக்கு நம் ஸ்டாண்டுக்கு வரும். என் பஸ் நாலரைக்கு. நான் முன்னாலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். நீ என் பக்கம் பார்க்கவேண்டாம், பேசவேண்டாம். நீ இறங்கி நம் தெருப் பக்கம் திரும்புகிறதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். அதற்குக் கொஞ்சம் மெதுவாக நட, மகளே.

அல்லாஹ் உன்னை வழியில் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். உன் படிப்புக்கும் உன் பிடிவாதத்துக்கும் சேர்த்தே துஆ கேட்கிறேன்.

உன் அம்மா
நூர் பீவி